பழைய ஃபிலிம் கேமராவுக்கு லைட் சீல் மாற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

லைட் சீல் என்பது கேமராவின் பின்கதவு ஓரங்களில் ஒளி உள்ளே கசியாமல் தடுக்கும் ஃபோம் பட்டை. அதை மாற்றும் வேலையில் முக்கால் பங்கு சுரண்டுவதும் துடைப்பதும்தான். புது சீல் ஒட்டுவது கால் பங்கு. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள். நல்ல ஃபோம் எங்கே கிடைக்கும் என்று வாரக்கணக்கில் விசாரிப்பார்கள். வாங்கி வந்ததும் பழைய பிசுக்கை அவசரமாக வழித்துவிட்டு, மிச்சத்தின் மேலேயே ஒட்டிவிடுவார்கள். கொஞ்ச நாளில் புது ஃபோமும் கையோடு வந்துவிடும்.

கீல் வைத்த பின்கதவு உள்ள 35 மி.மீ. கேமராக்களுக்கு இந்த முறை பொருந்தும். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம், கேனான் ஏஇ-1, ஒலிம்பஸ் ஓஎம்-1, மினோல்ட்டா எக்ஸ்-700, யாஷிகா எலக்ட்ரோ 35 எல்லாம் இந்தக் கணக்கில் வரும். ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை.

சென்னையில் காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை என்று கடலை ஒட்டிக் குடியிருப்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "தொடாமல் பீரோவில் வைத்திருந்த கேமராவில் சீல் எப்படிக் கெட்டது?" பழைய சீல் பாலியூரித்தேன் ஃபோம். காற்றில் உள்ள ஈரம் அதன் வேதிப் பிணைப்புகளை மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது நிற்காது. கடைசியில் தார்போல இளகி ஒட்டும், இல்லையென்றால் விரல் பட்டதும் பொடியாக உதிரும். தோல் உறைக்குள் பூட்டி வைத்தால் தப்பிக்கும் என்பது தவறு. உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், லென்ஸில் பூஞ்சை ஏறுவதும் அங்கேதான்.

1. கசிவு சீல் வழியாகத்தானா என்று முதலில் பாருங்கள்

லேபிலிருந்து வந்த ஸ்கேனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்கேன் ஃபிரேமோடு நறுக்கப்பட்டுத்தான் வரும். நெகட்டிவைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்.

கசிவு நெகட்டிவில் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பு ஃபிரேமின் ஓரத்தைத் தாண்டி, பல்சக்கரத் துளைகள் இருக்கும் விளிம்புவரை பரவியிருந்தால் ஒளி பின்கதவு வழியாக வந்திருக்கிறது. ஃபிரேமுக்குள்ளேயே கச்சிதமாக நின்றுவிட்டால் குற்றவாளி ஷட்டரோ லென்ஸ் பக்கமோதான். துணி ஷட்டரில் ஊசித் துளை விழுந்திருந்தால் ஒவ்வொரு படத்திலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் புள்ளி விழும். அதற்கு சீல் மாற்றிப் பயனில்லை.

நிறமும் சொல்லும். பின்னாலிருந்து வரும் ஒளி ஃபிலிமின் அடித்தளம் வழியாக நுழைகிறது. வண்ண நெகட்டிவில் அடித்தளத்தை ஒட்டி இருப்பது சிவப்பை உணரும் அடுக்கு. அதனால் கதவுக் கசிவு அச்சிட்ட படத்தில் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ விழும்.

எந்தப் பக்கத்து சீல் என்பதையும் படமே காட்டிவிடும். கேமராவுக்குள் காட்சி தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழுகிறது. பின்னாலிருந்து பார்த்தால் கீல் வலப்பக்கம். எனவே கீல் கசிந்தால் படத்தின் இடது ஓரம் எரிந்திருக்கும். மேல் காடி (கதவின் விளிம்பு இறங்கும் பள்ளம்) கசிந்தால் படத்தின் கீழ்ப்பகுதி. இதைப் பலர் நேராக எடுத்துக்கொண்டு, நன்றாக இருக்கும் பக்கத்தைச் சுரண்டிவிட்டு வருகிறார்கள். எப்படியும் ஒன்று போயிருந்தால் மற்றவையும் அதே வயதுதான்; மொத்தமாக மாற்றிவிடுவதே என் வழக்கம்.

2. சீல் எங்கெங்கே இருக்கிறது

கதவைத் திறந்தால், உடலின் மேலும் கீழும் நீளவாக்கில் ஓடும் இரண்டு காடிகள் தெரியும். கதவின் விளிம்பு அவற்றுக்குள் இறங்கும். கீலின் அருகே செங்குத்தாக ஓர் அகலப் பட்டை. தாழ் பக்கத்தில் இன்னொரு சிறு பட்டை இருக்கலாம். பிந்தைய காலத்துக் கேமராக்கள் பலவற்றில் உள்ளே என்ன ரோல் இருக்கிறது என்று பார்க்கும் ஜன்னல் கதவில் இருக்கும். அதைச் சுற்றியும் ஃபோம் உண்டு.

எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியாக வரும் காட்சியையே மிரர் மூலம் பார்க்கும் கேமரா) என்றால் இன்னொன்று. லென்ஸைக் கழற்றிப் பாருங்கள். மிரர் மேலே எழும்பி மோதும் இடத்தில், ஃபோகசிங் ஸ்க்ரீனின் (மிரருக்கு மேலே காட்சி விழும் தகடு) முன் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய ஃபோம் துண்டு இருக்கும். மிரரின் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக வைத்தது அது. அதுவும் பிசுபிசுத்துப் போயிருக்கும். விட்டால் மிரரின் விளிம்பு அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஒரு குச்சியின் முனையால் லேசாக அழுத்திப் பாருங்கள். அழுத்தியது திரும்ப எழும்பினால் உயிர் இருக்கிறது. குழி அப்படியே நின்றாலோ குச்சியில் கறுப்பு ஒட்டினாலோ மாற்ற வேண்டியதுதான். விரலால் தொடாதீர்கள். அந்தக் கறுப்பு விரலிலிருந்து மிரருக்கும் லென்ஸுக்கும் போய்ச் சேரும்.

ஓஎம்-1 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் மேல்மூடிக்குள் பிரிஸத்தை ஒட்டியும் ஃபோம் உண்டு. அது அழுகிப் பிரிஸத்தின் வெள்ளிப் பூச்சை அரித்துவிடும். வ்யூஃபைண்டரில் கறை தெரிந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். மேல்மூடியைத் திறக்கும் வேலை அது, இந்த வழிகாட்டியில் அடங்காது.

3. தேவையான பொருட்கள்

எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பாதி துடைத்த கேமராவைத் திறந்தபடி போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினால் தூசி சும்மா இருக்காது.

சுரண்டுவதற்கு மூங்கில் குச்சியோ தென்னை ஈர்க்குச்சியோ போதும். முனையைச் சாய்வாகச் சீவினால் சின்ன உளி ஆகிவிடும். வீட்டில் இருக்கும் புதுத் துடைப்பத்திலிருந்து நாலைந்து குச்சி உருவிக்கொள்ளுங்கள். ஊசி, ஸ்க்ரூடிரைவர், கத்தி வேண்டாம். காடிக்குள் இருக்கும் கறுப்புப் பெயின்ட் உரிந்தால் வெறும் உலோகம் பளபளக்கும். ஒளியை அது பிரதிபலிக்கும், நம் ஊர் உப்புக் காற்றில் சீக்கிரம் அரிக்கவும் செய்யும்.

கரைப்பானுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சுருக்கமாக ஐ.பி.ஏ. செல்போன் பழுதுபார்ப்பவர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பது இதுதான். பர்மா பஜார் பக்கம் விசாரித்தால் சின்னப் பாட்டில் கிடைக்கும். நைனியப்ப நாயக்கன் தெருவில் ரசாயனக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. 99 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீர் கலந்தது மெதுவாகக் காயும், காடியின் மூலையில் தங்கும்.

நெயில் பாலிஷ் ரிமூவர் கூடாது. அதில் அசிட்டோன் இருக்கலாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். தின்னரும் கூடாது. கைகழுவும் சானிடைசரில் கிளிசரினும் தண்ணீரும் இருக்கும், அது பசையோடு பசையாக நின்றுவிடும்.

இப்போது சீல் போட என்ன என்ற கேள்வி. மூன்று பொருள்கள் இருக்கின்றன, மூன்றுக்கும் இடம் வேறு.

ஃபோம்: பின்பக்கம் பசையுள்ள கறுப்பு ஃபோம், 1.5 மி.மீ., 2 மி.மீ. தடிமனில். இணையத்தில் கேமரா மாடலுக்கேற்ப வெட்டிய தொகுப்பாகவும் கிடைக்கிறது. அழுத்தினால் சட்டென அமுங்கும் மெத்தென்ற வகைதான் வேண்டும். ஸ்டேஷனரிக் கடையில் பிள்ளைகளின் கைவேலைக்கு விற்கும் ஃபோம் ஷீட் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அமுங்காது. கதவைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

உல்லன் நூல்: கறுப்பு, பின்னல் வேலைக்கு வாங்குவது. காடிகளுக்கு இதுதான் என் தேர்வு. பாலியூரித்தேனைப்போல ஈரத்தில் சிதைவதில்லை. அக்ரிலிக் உல்லனே போதும். மயிர் மயிராக எழும்பி நிற்கும் ரகம் வேண்டாம், இழை உதிர்ந்து ஃபிலிமில் படியும்.

வெல்வெட்: கீல் பக்கத்துப் பட்டைக்கு. கோடவுன் தெருவிலோ எம்.சி. ரோட்டிலோ துணிக் கடையில் துண்டாகக் கேட்டால் கையளவு கொடுப்பார்கள். நல்ல கறுப்பா என்று கடைக்கு வெளியே வந்து பார்த்து வாங்குங்கள். ட்யூப்லைட்டில் கருநீலமும் கறுப்பாகத்தான் தெரியும்.

நான் சொல்வது இதுதான்: கடலோரத்தில் இருக்கிறவர் காடிக்கு நூலும் கீலுக்கு வெல்வெட்டும் போடுங்கள். ஃபோமை மிரருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அங்கே மெத்தென்ற தன்மைக்கு மாற்று இல்லை. முழுவதும் ஃபோம் போட்டால் தவறொன்றுமில்லை; இதே வேலையைச் சில ஆண்டுகள் கழித்து மறுபடி செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவே.

ஒட்டுவதற்கு ஃபெவிபாண்ட் போன்ற ரப்பர் பசை. வெள்ளை ஃபெவிகால் ஈரத்தில் இளகும். ஃபெவிக்விக்கைக் கேமரா அருகே கொண்டுவரவே வேண்டாம். அதன் ஆவி லென்ஸிலும் கறுப்புப் பெயின்ட்டிலும் வெள்ளையாகப் படியும்.

மிச்சம்: புது பிளேடு போட்ட கட்டர், எஃகு ஸ்கேல், கூர்மையான சாமணம், பேப்பர் டேப், காற்றூதும் ரப்பர் பந்து, நூல் பிரியாத பழைய பருத்தித் துணி, இயர் பட்ஸ் கொஞ்சம், பழைய செய்தித்தாள்.

4. எப்போது, எங்கே உட்கார்வது

ஃபேனை நிறுத்த வேண்டும். உதிர்ந்த பொடி பறந்து ஷட்டருக்குள் போகும், வெட்டிய சீல் துண்டு அறை முழுக்கச் சுற்றும். ஃபேன் இல்லாமல் நம் ஊரில் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் விடியற்காலை. வியர்வை ஒரு சொட்டு மிரரில் விழுந்தால் அந்தக் கறையோடு பிறகு மல்லுக்கட்ட வேண்டும்; நெற்றியில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வடகிழக்குப் பருவமழையின் நடுவில் ஒட்டும் வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஈரக் காற்றில் பசை சரியாகப் பிடிக்காது. சுரண்டுவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

ஐ.பி.ஏ. எளிதில் தீப்பற்றும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சமையலறையிலும் பூஜை விளக்கின் அருகிலும் இந்த வேலை வேண்டாம்.

5. திறப்பதற்கு முன்

உள்ளே ஃபிலிம் இருக்கிறதா என்று பாருங்கள். ரீவைண்ட் கைப்பிடியை மெதுவாகச் சுற்றுங்கள். தங்குதடையின்றி சுற்றினால் காலி. இறுக்கம் தெரிந்தால் நிறுத்துங்கள். தாத்தா விட்டுச் சென்ற கேமராவில் பாதி எடுத்த ரோல் இருப்பது அபூர்வமில்லை. அதைச் சுற்றி எடுத்துவிட்டுத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

திறந்ததும் எல்லாப் பக்கங்களையும் செல்போனில் படம் எடுங்கள். பழைய ஃபோம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது முக்கியம். சில கேமராக்களில் கதவு மூடுவதை உணரும் ஒரு சிறு பின் காடியிலோ அதன் அருகிலோ இருக்கும். கதவைத் திறந்ததும் ஃபிரேம் எண்ணியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருவது அதுதான். அந்த இடத்தில் ஃபோம் விட்டுவிட்டு ஒட்டியிருப்பார்கள். சுரண்டிய பிறகு அது நினைவில் இருக்காது.

காடியின் நீளத்தை ஒரு தையல் நூலை உள்ளே படுக்கவைத்து எடுங்கள், ஸ்கேல் அங்கே படுக்காது. அகலத்தைச் சாமணத்தின் இரு முனைகளை விரித்து அளந்து ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். எழுதி வையுங்கள்.

பல எஸ்எல்ஆர்களில் கீலின் உள்பக்கம் ஸ்பிரிங் வைத்த ஒரு சிறு பின் இருக்கும். அதை நகத்தால் இழுத்தால் கதவு தனியாகக் கையில் வந்துவிடும். வருமென்றால் கழற்றிவிடுங்கள், கீல் பக்கத்து வேலை பாதியாகக் குறையும். வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

6. ஷட்டரை மூடுங்கள்

கனமான காகிதம் ஒன்றை, படம் விழும் செவ்வகத் திறப்பான ஃபிலிம் வாசலைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, பேப்பர் டேப்பால் ஒட்டுங்கள். டேப் ஒட்ட வேண்டியது வாசலைச் சுற்றியிருக்கும் உலோகத் தண்டவாளங்களில். ஷட்டர் திரையில் ஒருபோதும் படக்கூடாது. துணித் திரையானாலும் உலோக இதழ்களானாலும் டேப்பை உரிக்கும்போது கோணிக்கொள்ளும். காகிதம் ஒட்டியிருக்கும்வரை ஷட்டர் பொத்தானைத் தொடாதீர்கள்.

இதைத் தேவையில்லாத வேலை என்று தாண்டிப் போகிறவர்கள் உண்டு. பிசுக்கின் ஒரு துணுக்கு ஷட்டர் இதழ்களுக்கு இடையில் போனால் கேமராவை முழுதாகப் பிரிக்க வேண்டிவரும். ஐந்து நிமிடம் செலவழியுங்கள்.

7. முதலில் உலர்ந்தபடியே சுரண்டுங்கள்

எடுத்த எடுப்பில் ஐ.பி.ஏ.வை ஊற்றுவதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய பிழை. கெட்டியாக இருக்கும் ஃபோம் கரைந்து மையாகிவிடும். அந்த மை காடியிலிருந்து வழிந்து போகக்கூடாத மூலைக்கெல்லாம் போகும். கெட்டியாக இருக்கும்போது எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்துவிட வேண்டும்.

கேமராவின் திறந்த பக்கம் செய்தித்தாளை நோக்கிச் சரிந்திருக்கும்படி இடது கையில் பிடியுங்கள். உதிர்வது உள்ளே விழாமல் தாளில் விழும். காடியின் ஒரு முனையில் குச்சியின் சாய்ந்த நுனியை வைத்து, ஃபோமுக்கும் உலோகத்துக்கும் நடுவில் நுழைத்து, நீளவாக்கில் தள்ளிக்கொண்டே போங்கள். நல்ல நிலையில் இருந்தால் நாடாவாக எழும்பி வரும். இளகியிருந்தால் குச்சியில் உருண்டை உருண்டையாகச் சேரும். ஒவ்வொரு தள்ளலுக்கும் துணியில் துடைத்துவிட்டுத் தொடருங்கள். மழுங்கிய குச்சியைத் திரும்பத் திரும்பச் சீவுங்கள்.

காடியின் இரண்டு முனைகளிலும், அடிமூலையிலும்தான் பிசுக்கு ஒளிந்திருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்துப் பாருங்கள். சுத்தமான பெயின்ட் ஒரே சீராக மங்கலாகத் தெரியும். பிசுக்கு இருக்கும் இடம் ஈரம்போல மின்னும்.

பொடியை வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ரப்பர் பந்தால், கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து வெளிப்பக்கமாக ஊதுங்கள்.

8. பிறகு ஐ.பி.ஏ.

பாட்டிலைக் கேமராவின் மேல் நீட்டவே கூடாது. ஒரு மூடியில் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளுங்கள். குச்சியின் நுனியில் துணியைச் சுற்றி, நனைத்து, வேறொரு துணியில் ஒற்றி எடுத்துவிட்டுக் காடிக்குள் ஓட்டுங்கள். சொட்டக்கூடாது, ஈரமாக இருந்தால் போதும். சில விநாடிகள் விட்டு மறுபடி சுரண்டினால் மிச்சப் பசை எழும்பி வரும்.

துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். சுத்தமான துணி சுத்தமாகவே வெளியே வர வேண்டும். அதற்குமுன் நிறுத்துவதால்தான் புது சீல் கழல்கிறது: பழைய பசையின் எண்ணெய்ப்படலத்தில் புதுப் பசை பிடிப்பதில்லை. கறுப்பு நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் துணியை முகர்ந்து, தேய்த்துப் பாருங்கள். பிசுபிசுப்பு இல்லாத கறுப்பு என்றால் பெயின்ட் கரையத் தொடங்கியிருக்கிறது, நிறுத்திவிடுங்கள்.

வெளியே தோல்போல் ஒட்டியிருக்கும் உறையிலும், வெள்ளை எழுத்துகளிலும் ஐ.பி.ஏ. படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உறையின் பசை இளகி ஓரம் எழும்பும், எழுத்து அழியும்.

கதவின் விளிம்பையும் துடைக்க மறக்காதீர்கள். காடிக்குள் இறங்கும் அந்த மெல்லிய உதட்டில் பழைய ஃபோம் ஒரு கோடாக ஒட்டியிருக்கும். உடலை மட்டும் பளபளவென்று துடைத்துவிட்டுக் கதவை விட்டுவிடுகிறார்கள். முதல் தடவை மூடியதுமே பழைய பிசுக்கு புது நூலில் ஏறிவிடுகிறது. ஃபிலிமை அழுத்தும் தகட்டையும் ஒருமுறை பாருங்கள். அதில் ஒட்டியிருக்கும் ஒரு துணுக்கு ரோல் முழுக்க நீளக் கீறல் போடும்.

முடிந்ததும் அரை மணி நேரம் ஆற விடுங்கள். காபி குடித்துவிட்டு வரலாம், கையைக் கழுவிவிட்டு.

9. தடிமன்: கெட்டியாகப் போட்டால் பத்திரம் என்று நினைக்காதீர்கள்

கல்மண்டபத்திலிருந்து யாஷிகாவோடு வந்த ஒரு தம்பி கேட்டான்: "அண்ணா, கொஞ்சம் அழுத்தினால் கதவு மூடிக்கொள்கிறது. பரவாயில்லையா?" பார்த்தால் காடிக்குள் 2 மி.மீ. ஃபோமை இரண்டு அடுக்காகப் போட்டிருந்தான். ஒளி உள்ளே போகாது, சரிதான். ஆனால் அந்தத் தாழ் எந்நேரமும் இழுவிசையில் நிற்கிறது. கதவு நடுவில் லேசாக வளைந்து, அழுத்தும் தகடு ஃபிலிமில் சமமாக உட்காராமல் போகலாம். தாழ் தேய்ந்து, தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதே கதவு திறந்துகொண்டால் ரோலே போய்விடும்.

சரியான சீலோடு கதவு, முன்பு மூடியதைவிட ஒரு துளி மட்டும் கூடுதலான எதிர்ப்போடு, ஒரே சொடுக்கில் மூட வேண்டும்.

காடிகளுக்குப் பெரும்பாலும் 1 முதல் 1.5 மி.மீ. ஃபோம் போதும். கீலுக்கு 2 மி.மீ. சுற்றுவட்டாரம். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் அளந்து பார்ப்பதே நல்லது. பிள்ளைகள் விளையாடும் மெழுகுக் களிமண்ணை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் பொதிந்து, பட்டாணி அளவில் கீல் பட்டையின் இடத்தில் வைத்துக் கதவை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் அங்கே உள்ள இடைவெளி. அதைவிட அரை மி.மீ. கூடுதலான ஃபோமைத் தேர்ந்தெடுங்கள். வெல்வெட்டுக்கும் அதே கணக்கு, அதன் மயிர்க்கால் அமுங்கும் என்பதைச் சேர்த்துக்கொண்டு.

நூலில் பலருக்கு ஓர் இழையே போதும். அகலமான காடியென்றால் இரண்டு இழை பக்கம்பக்கமாக. ஒன்றின் மேல் ஒன்று வேண்டாம்.

வெட்டும்போது ஃபோமை இழுக்காதீர்கள். இழுத்து வெட்டியது ஒட்டியபின் சுருங்கி முனைகளில் இடைவெளி விடும். பசைத்தாளை உரிக்காமலே, ஸ்கேலை அழுத்தி வைத்து, புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். வெல்வெட் என்றால் வெட்டுவதற்குமுன் துணியின் பின்பக்கம் ரப்பர் பசையை மெல்லப் பூசிக் காயவிடுங்கள். வெட்டிய ஓரத்தில் இழை பிரியாது.

10. ஒட்டும் வரிசை

எல்லாவற்றையும் ஒட்டிவிட்டுக் கதவை மூடிப் பார்த்தால், மூடவில்லையென்றால் எது தடிமன் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒன்று ஒட்டு, மூடிப் பார், அடுத்தது ஒட்டு. இதுதான் வரிசையின் சூட்சுமம்.

முதலில் கீழ்க்காடி. குச்சி நுனியால் பசையை மிக மெல்லிய கோடாக அடித்தளத்தில் மட்டும் தடவுங்கள். சுவரில் ஏறினால் நூல் விறைத்துப் போகும். நூலை ஒரு முனையில் சாமணத்தால் வைத்து, இழுக்காமல், குச்சியின் மழுங்கிய பக்கத்தால் அமுக்கிக்கொண்டே போங்கள். மறுமுனையில் கொஞ்சம் கூடுதலாக விட்டு, பசை இறுகியபின் நறுக்குங்கள். ஃபிரேம் எண்ணியின் அந்தச் சிறு பின் இருக்கும் இடத்தில் நூல் அதன் மேல் ஏறாமல் பாருங்கள்.

பசை தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தபின் கதவை மூடிப் பாருங்கள். சரியாக இருந்தால் மேல் காடி. மறுபடி மூடிப் பார்த்தபின் கீல் பட்டை. கடைசியில் தாழ் பக்கமும் ஜன்னலும்.

பசையுள்ள ஃபோமைக் காடியில் இறக்குவது எரிச்சல் பிடித்த வேலை. உரித்த மறுகணம் சுவரில் ஒட்டிக்கொண்டு வராது. அதற்கு ஒரு வழி இருக்கிறது: ஈர விரலால் பசைப்பக்கத்தை லேசாகத் தொட்டுவிடுங்கள். சில நிமிடங்களுக்குப் பசை பிடிக்காது. அதற்குள் ஃபோமை நகர்த்தி நேராக்கிக்கொள்ளலாம். தண்ணீர் உலர்ந்ததும் பிடித்துக்கொள்ளும்.

கீல் பட்டை ஃபிலிம் சுற்றும் ஸ்பூலுக்கு மிக அருகில் இருக்கிறது. அதன் ஓரம் உள்பக்கம் துருத்தினால் ஃபிலிமில் உரசும். ஒட்டியபின் ஃபிலிமை முன்னேற்றும் லீவரை நாலைந்து முறை இழுத்து, ஸ்பூல் எதிலும் தட்டாமல் சுற்றுகிறதா என்று பாருங்கள். அதற்குமுன் ஷட்டரை மூடிய காகிதத்தை எடுத்துவிட வேண்டும்.

11. மிரர் ஃபோம்

ரேஞ்ச்ஃபைண்டர் (யாஷிகா எலக்ட்ரோ 35 போல, இந்த மிரர் இல்லாத கேமரா) வைத்திருப்பவர்களுக்கு இது இல்லை, அடுத்ததற்குப் போகலாம். எஸ்எல்ஆர்காரர்கள் இதைப் பின்கதவு வேலை முடிந்தபின், கையும் மேசையும் சுத்தமானபின் செய்யுங்கள். முதல் தடவை என்றால் பின்கதவை மட்டும் முடித்துவிட்டு இதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டாலும் சரி.

மிரரின் பூச்சு கண்ணாடியின் முன்பக்கத்தில் இருக்கிறது, வீட்டுக் கண்ணாடியைப்போல் பின்னால் இல்லை. துணியால் ஒரு தடவை தேய்த்தாலே கோடு விழும். அதற்கு மேலே இருக்கும் ஃபோகசிங் ஸ்க்ரீன் பெரும்பாலும் பிளாஸ்டிக், அதில் ஐ.பி.ஏ. இறங்கினால் மங்கல் நிரந்தரமாக நிற்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரு கீற்று ஃபோமைத்தான் எடுக்கப் போகிறோம்.

மிரர் கீழே இருக்கும் நிலையிலேயே, அதன் மேல் மெல்லிய காகிதத்தை மடித்து வையுங்கள். கேமராவை நிமிர்த்தி, லென்ஸ் வாய் உங்களைப் பார்க்கும்படியும் சற்றே முன்னோக்கிச் சரிந்தும் பிடியுங்கள். ஸ்க்ரீன் மேலே இருப்பதால் உதிர்வது அதில் விழாது. காகிதத்தில் விழுந்து வெளியே சரியும். கவிழ்த்துப் பிடித்தால் எல்லாம் ஸ்க்ரீனில்தான்.

சாமணத்தாலும் குச்சியாலும் உலர்ந்தபடியே எடுங்கள். கடைசி மிச்சத்துக்கு மட்டும், ஒற்றி எடுத்த குச்சி முனையில் ஐ.பி.ஏ.வின் ஈரம். ஒரு மெல்லிய பசைப்படலம் மிச்சமிருந்தால் இருக்கட்டும். இங்கே முழுச் சுத்தத்துக்கு ஆசைப்பட்டு ஸ்க்ரீனை இழந்தவர்கள் உண்டு. மிரர் விளிம்பில் கறுப்புக் கோடு ஒட்டியிருந்தாலும் படத்தில் அது விழாது, விட்டுவிடுங்கள்.

புது ஃபோமைப் பழையதன் அகலத்துக்கும் தடிமனுக்கும் சரியாக வெட்டி, ஈர விரல் உத்தியோடு சாமணத்தால் வையுங்கள். தடிமன் கூடினால் மிரர் முழுதாக எழும்பாது. சில கேமராக்களில் ஷட்டர் இயங்காமலே நின்றுவிடும். பசை பிடித்தபின் காகிதத்தை எடுத்துவிட்டு, லென்ஸ் இல்லாமல் சில முறை ஷட்டரை இயக்கிப் பாருங்கள். மிரர் போய்த் தடையின்றித் திரும்ப வேண்டும்.

12. ஓர் இரவு மூடி வையுங்கள்

கதவைப் பூட்டிய நிலையில் மறுநாள் காலைவரை விடுங்கள். நூலும் வெல்வெட்டும் கதவு விளிம்பின் வடிவத்துக்குப் படியும். முதலில் சற்று இறுக்கமாக இருந்தது மறுநாள் சரியாகிவிடும். மறுநாளும் தள்ளி மூட வேண்டியிருந்தால் அந்த சீலை எடுத்துவிட்டு மெல்லியதைப் போடுங்கள்.

13. சோதனை

இன்றைய ஃபிலிம் விலையில் ஒரு முழு ரோலைச் சோதனைக்குக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. ரோலின் முதல் பகுதி போதும், மீதியில் வழக்கம்போலப் படம் எடுக்கலாம்.

ஃபிலிமைப் போட்டு, லென்ஸ் மூடியைப் பூட்டி, வேகத்தைக் கைமுறையாக வைக்க முடிகிற கேமராவென்றால் 1/125-இல் வையுங்கள். ஒரு முறை இயக்கி ஃபிலிமை முன்னேற்றிவிட்டு, மொட்டை மாடிக்குப் போய்க் கீல் பக்கம் சூரியனைப் பார்க்கும்படி கேமராவைப் பத்து நிமிடம் பிடியுங்கள். உள்ளே வந்து மூடியோடே மூன்று ஃபிரேம் தள்ளுங்கள். அடுத்து மேல்பக்கம், பிறகு கீழ்ப்பக்கம், பிறகு தாழ்ப்பக்கம். எந்த எண்ணில் எந்தப் பக்கம் என்று குறித்து வையுங்கள். நடுவில் ஃபிரேம் விட்டால்தான் ஒன்றின் கசிவு அடுத்ததில் கலக்காது.

அக்னி நட்சத்திர வெயிலில் மாடித் தரையில் வைத்துவிட்டு வராதீர்கள். கறுப்பு உடல் கொதித்து, உள்ளே இருக்கும் கிரீஸ் இளகி ஷட்டர் இதழுக்குப் போகும். காலை ஒன்பது மணி வெயிலே தாராளம்.

கழுவிய நெகட்டிவில் அந்த ஃபிரேம்கள் எல்லாம் கண்ணாடிபோலத் தெளிவாக, வண்ண ஃபிலிமென்றால் ஒரே சீரான ஆரஞ்சாக இருக்க வேண்டும். ஏதாவதொன்றில் கறுப்பு தெரிந்தால் குறிப்பைப் பார்த்து அந்தப் பக்கத்தின் முனைகளை முதலில் ஆராயுங்கள். பெரும்பாலும் நடுவில் கசியாது. காடியின் கோடியில் நூல் சற்றுக் குட்டையாக நின்றிருக்கும், அல்லது கீல் பட்டையும் காடியும் சந்திக்கும் மூலையில் சிறு இடைவெளி விட்டிருக்கும். அங்கே அரை அங்குல நூலை வைத்து அடைத்தால் போதும்.

சோதித்த நான்கு பக்கமும் சுத்தமாக இருந்து, வெளியே எடுத்த படங்களில் மட்டும் கறை வந்தால் மூடியைக் கழற்றியபின்தான் ஒளி நுழைகிறது. ஷட்டர் திரையைப் பார்க்கத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் நெகட்டிவோடு கேமராவையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.